மரபணு திருத்திய குச்சிக்கிழங்கு நம்ம வயலுக்கு வரணும்னா விதி எப்படி இருக்கணும்?

திசுவளர்ப்பு_ஆத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் சின்னதா ஒரு திசு வளர்ப்புக் கூடம் நடத்துறேன். வாழைக்கன்னுதான் சோறு போடுது. ஆனா எங்க குடும்பம் குச்சிக்கிழங்குக் குடும்பம், அதாவது மரவள்ளி. தேமல் நோய் வந்த காடு எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. இலை சுருண்டு மஞ்சப் பூத்து நிக்கும், கிழங்கு பருக்காது, ஆலையில பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பார்த்தா முகம் செத்துப்போகும். வெள்ளை ஈ பரப்புறது பாதி, நாமளே வெட்டி நடுற குச்சி பரப்புறது மீதி.

2022-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆப்பிரிக்காவுல சில ரகங்கள் தேமலைத் தாங்குறதுக்குக் காரணம், டிஎன்ஏவைப் படியெடுக்கிற நொதியோட மரபணுவுல இருக்கிற ஒரு சின்ன மாற்றம்னு கண்டுபிடிச்சாங்க. அதே மாற்றத்தை நம்ம ஊர் ரகமான முள்ளுவாடியிலயோ குங்குமரோஸ்லயோ, மரபணுவைத் திருத்துற கிரிஸ்பர் கருவி வெச்சுக் கொண்டுவர முடியுமான்னு ஒரு ஆராய்ச்சிக் குழுவோட பேசிக்கிட்டு இருக்கேன்.

அறிவியல் பகுதி அவங்க பாடு. என் தலைவலி விதிமுறை. தொழில் கூட்டங்களுக்குப் போனா "கட்டுப்பாடு எல்லாம் முட்டுக்கட்டை"ங்கிறாங்க. ஊர்ல பேசினா "அந்த ஆராய்ச்சியே இந்தப் பக்கம் வரக்கூடாது"ங்கிறாங்க. எனக்கு ரெண்டும் ஒத்துவரல. சின்ன ஆளும் உள்ளே வரணும், சனங்களுக்கும் பங்கம் வரக்கூடாது. நீங்க எழுதினா எப்படி எழுதுவீங்க? டெல்லிக்குப் பொருந்துற மாதிரி வேண்டாம், சேலம் மாவட்டத்துல நடக்கிற மாதிரி சொல்லுங்க.

வாழப்பாடி_முள்ளுவாடி

தம்பி, விதி இருக்கட்டும். குச்சி எப்ப குடுப்பே?

ஆய்வுமேசை

ஐயா, அவசரப்படாதீங்க. குச்சி வர இன்னும் பல வருஷம் ஆகும். முதலில் இப்போது இருக்கிற ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு இருட்டில் பேசிக்கொண்டிருப்போம்.

இந்தியாவில் மரபணு மாற்றத்துக்கு ஆதாரம் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள். ஆய்வகத்துக்கு உள்ளேயே ஒரு உயிரிப் பாதுகாப்புக் குழு. அதற்கு மேல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பரிசீலனைக் குழு. வயலுக்கு விடுவதென்றால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. வயல் சோதனைக்கு மாநில அரசின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

2022 மார்ச் 30-இல் ஒரு தளர்வு வந்தது. வெளி உயிரினத்தின் டிஎன்ஏ எதுவும் மிச்சமில்லாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு, அதாவது எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகைகளுக்கு, அந்த விதிகளில் 7 முதல் 11 வரை பொருந்தாது என்றார்கள். அந்த வழியில்தான் 2025 மே மாதம் கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தளர்வை எழுதியவர்கள் மனதில் நெல்தான் இருந்திருக்க வேண்டும். நெல்லில் கிரிஸ்பர் கருவியை ஒரு மரபணுவாகச் செடிக்குள் வைத்து, வேலை முடிந்ததும் அடுத்த தலைமுறையில் அந்தக் கருவி இல்லாத விதைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளியை நாம் விதையில் வளர்ப்பதில்லை, குச்சியில் வளர்க்கிறோம். விதைக்குப் போனால் குணங்கள் கலைந்து முள்ளுவாடி முள்ளுவாடியாக இருக்காது. ஆக, உள்ளே வைத்த கருவி உள்ளேயே தங்கிவிடும், தளர்வும் கிடைக்காது. கருவியை மரபணுவாக வைக்காமல் புரதமாகவே ஒற்றைச் செல்லுக்குள் செலுத்தி, அந்தச் செல்லிலிருந்து முழுச்செடி எடுக்க வேண்டும். மரவள்ளியில் அது மிகக் கடினம். வாழைக்கும் இதே தொல்லை உண்டு.

அதாவது ஒரே மாற்றம், ஒரே அபாயம். நெல்லுக்கு அகலக் கதவு, குச்சிக்கிழங்குக்கு ஊசித்துளை.

கொங்கணாபுரம்_கொட்டு

ஊசித்துளையே இருக்கட்டும்னு சொல்ற ஆள் நான். காரணம் இருக்கு.

பருத்திக்காரன் நான். சனிக்கிழமை ஏலத்துக்குப் போனா பி.டி., டிசிஹெச், கொட்டுன்னு ரகம் ரகமா மூட்டை அடுக்கியிருக்கும். காய்ப்புழுவைக் கொல்ற மரபணு வெச்ச பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில அனுமதி குடுத்தாங்க. அதுக்கு முந்தின வருஷமே குஜராத்துல அனுமதி இல்லாத பி.டி. விதை ஆயிரக்கணக்கான ஏக்கர்ல வெளைஞ்சு நின்னுச்சு. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சதே பிற்பாடுதான். ஆக, முன்வாசல்ல பூட்டுப் போட்டுக் கோப்பு பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல, கொல்லைப்புறமா மாடு போயிருச்சு.

அடுத்தது இன்னும் மோசம். அனுமதியில ஒரு நிபந்தனை: சுத்தி அஞ்சு வரிசை, இல்லேன்னா நிலத்துல 20 சதவீதம், சாதாப் பருத்தி நடணும். புழு சீக்கிரம் பழகிடாம இருக்க. விதைப் பாக்கெட்டோட 120 கிராம் சாதா விதைப் பை ஒண்ணு தனியா வந்துச்சு. எங்க ஊர்ல அதை யார் நட்டா? நான் நடல, பக்கத்துக் காட்டுக்காரர் நடல. ஏன் நடணும்னு வந்து சொன்ன அதிகாரியும் இல்ல. கடைசியில இளஞ்சிவப்புக் காய்ப்புழு ரெண்டு மரபணு வெச்ச போல்கார்டு-2 பி.டி. பருத்திக்கே அசராம நிக்குது. அனுமதி குடுத்த கமிட்டி டெல்லியில. புழு என் காய்க்குள்ள.

தம்பி திட்டத்துலயும் அனுமதி குடுக்கிற வரைக்கும்தான் எல்லாரும் பேசுவாங்க. குடுத்த மறுநாள்லேர்ந்து யார் வருவா?

திசுவளர்ப்பு_ஆத்தூர்

அண்ணா, நீங்க சொல்றது வாசல்ல இருந்த பூட்டோட குறையா, இல்ல வாசலுக்கு அப்புறம் ஆள் இல்லாத குறையா? எனக்கென்னமோ ரெண்டாவதாத்தான் படுது. பூட்டை இன்னும் பெருசாக்கினா அஞ்சு வரிசை நட்டிருப்பீங்களா?

கொங்கணாபுரம்_கொட்டு

நட்டிருக்க மாட்டேன்தான். அதுக்காக பூட்டைக் கழட்டிடலாம்னு அர்த்தமில்ல.

சேர்வராயன்_தோட்டம்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். காபியும் மிளகும். மரபணு விஷயம் எனக்குத் தூரம், ஆனால் "உயிரி" என்று பெயர் வைத்த பாட்டில்கள் என் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், காய்த்துளைப்பானுக்குப் பெவேரியா. இதுவும் உயிரித் தொழில்நுட்பம்தானே? நம் மாவட்டத்தில் அதிகம் பேர் கையில் படுவது இதுதான்.

இங்கே விதி மோசமில்லை. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் 9(3பி) என்று ஒரு பிரிவு. உயிரிப் பூச்சிக்கொல்லி என்றால் தற்காலிகப் பதிவு வாங்கிக்கொண்டு விற்கலாம்; விற்றபடியே மீதித் தரவுகளைத் திரட்டித் தர வேண்டும். சின்ன கம்பெனி மூச்சுவிட வழி. பயிர் ஊக்கிகளையும் 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆனால் மலைக்குக் கொண்டுவந்து விற்கும் பாட்டிலில் உயிர் இருக்கிறதா செத்துவிட்டதா என்று எவருக்குத் தெரியும்? வெயிலில் வண்டியில் கிடந்த பெவேரியா வெறும் மாவு. இன்னொரு வகை இருக்கிறது: அடித்த மறுநாளே பூச்சி செத்துவிழும். பூஞ்சணம் அப்படிக் கொல்லாது ஐயா, உள்ளே ரசாயனம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு சோதனைக்கு எங்கே தருவது என்று அலைந்தேன். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது மறுபடி முதல் அலுவலகத்தையே கைகாட்டியது. பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

தற்காலிக அனுமதி நல்ல ஏற்பாடு. கடையில் மாதிரி எடுக்க ஆள் இருந்தால்.

சேகோ_கணக்குப்பிள்ளை

நான் குச்சிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறவன். பயப்படாமல் ஒன்று சொல்கிறேன். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போடுவதும், செய்தி வருவதும், கொஞ்ச நாளில் அடங்குவதும் இந்த ஊரில் வாடிக்கை. நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியக்கூடிய கலப்படத்துக்கே இந்த நிலை. மரபணு திருத்திய கிழங்கா இல்லையா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

எங்களுக்கு இது வியாபாரக் கேள்வி. 2021 முதல் இறக்குமதியாகும் 24 பயிர்களுக்கு, மரபணு மாற்றமில்லை, கலந்தாலும் 1 சதவீதத்துக்குள் என்று சான்று கேட்கிறது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம். அதே கேள்வியை நாளை வெளியூர் வியாபாரி எங்களிடம் திருப்பிக் கேட்பார். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வேறு வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆய்வுமேசை

கணக்குப்பிள்ளை ஐயாவின் கேள்வி கூர்மையானது. நேராகச் சொல்கிறேன்: எஸ்டிஎன்-1 திருத்தம், அதாவது மரபணுவை ஓரிடத்தில் வெட்டிவிட்டுச் செல்லே ஒட்டிக்கொள்ள விடும் வகை, இயற்கையில் தானாக நடக்கும் மாற்றத்தைப் போலவே இருக்கும். என்ன மாற்றினார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த இடத்தைப் படித்துப் பார்க்கலாம். தெரியாமல் கிழங்கை மட்டும் கொடுத்து "இது திருத்தியதா?" என்றால் எந்த ஆய்வகமும் உறுதியாகச் சொல்லாது. மாவாக்கி, வேகவைத்து, உருட்டிக் காயவைத்த ஜவ்வரிசியில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வழி ஒன்றுதான், பதிவேடு. எந்தக் கூடத்திலிருந்து எந்த ரகக் குச்சி யாருக்குப் போனது என்று எழுதி வைப்பது. விதி எழுதுகிறவர் இதைத் தொடக்கத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். மாற்றிய இடத்தின் விவரத்தைப் பொதுவில் வைக்கச் சொல்ல வேண்டும். நம் தளர்வில் இந்த இடம்தான் மெலிதாக இருக்கிறது.

வாழப்பாடி_முள்ளுவாடி

பதிவேடா! அம்மா, எங்க ஊர்ல குச்சி எப்படிப் போகும் தெரியுமா? மாமன் காட்டுல நல்லா இருக்குன்னு மச்சான் ஒரு கட்டு வாங்கிட்டுப் போவான். அவன் காட்டுலேர்ந்து அவன் சம்பந்தி. காசும் கிடையாது, ரசீதும் கிடையாது.

விதி_வாசகன்

அதுவும் சட்டப்படி அவர் உரிமை. 2001 பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பிரிவு 39. விவசாயி விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம். எனவே பதிவேட்டைக் கூடத்தின் வாசலிலும் முதல் வாங்குபவரிடமும் வைக்கலாமே தவிர மச்சானிடம் வைக்க முடியாது.

சேலம் நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். கொங்கணாபுரத்து நண்பர் "மறுநாளிலிருந்து யார் வருவார்" என்று கேட்டாரே, அதற்குப் பதில் 1989 விதிகளிலேயே இருக்கிறது. மாவட்ட அளவிலான குழு என்று ஒன்று. தலைவர் கலெக்டர். தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி, மாவட்ட வேளாண் அலுவலர், சுகாதார அதிகாரி, நுண்ணுயிரியலாளர் ஒருவர் என்று உறுப்பினர் பட்டியல்கூட உண்டு. மரபணு மாற்ற உயிரிகளைக் கையாளும் இடங்களைப் பார்வையிட வேண்டும், அபாயங்களைக் குறித்து வைக்க வேண்டும், அவசரகாலத் திட்டம் தயாரிக்க வேண்டும், மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். தேவைப்படும் இடங்களில் அமைக்கலாம் என்று எழுதியிருப்பதால், தேவை வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் இடமிருக்கிறது.

எல்லோரும் புதிய ஆணையம் வேண்டும் என்கிறார்கள். 2013-இல் அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. 2024 ஜூலையில் மரபணு மாற்றக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள், ஆனால் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். வரட்டும். அதுவரை இருக்கிற மாவட்டக் குழுவுக்குக் கொஞ்சம் பணமும், மாதிரி எடுக்க ஒரு ஆளும், சோதிக்க ஒரு ஆய்வக ஒப்பந்தமும் கொடுத்தால் தோட்டக்காரரின் பாட்டிலுக்கும் வழி பிறக்கும், பருத்திக்காரரின் ஐந்து வரிசைக்கும் வழி பிறக்கும்.

அஸ்தம்பட்டி_செவிலி

பயிர் பேசுற இடத்துல நுழையறேன், மன்னிக்கணும். எங்க வார்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க. பையனுக்குப் பிறவியிலேயே மூளை பாதிப்பு. வெளியூர்ல ஒரு கிளினிக்ல "ஸ்டெம் செல் ஊசி போட்டா நடப்பான்"னு சொல்லி நகையை அடகு வெச்சுப் பணம் கட்டவெச்சிருக்காங்க. பையன் நடக்கல. இதையெல்லாம் கேக்க ஆள் கிடையாதா?

விதி_வாசகன்

உண்டு சகோதரி. 2017 தேசிய வழிகாட்டுதல்படி ஸ்டெம் செல் சிகிச்சை என்று அங்கீகரிக்கப்பட்டது ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை மட்டுமே. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்கலாம். 2019 புதிய மருந்து விதிகளில் ஸ்டெம் செல் பொருளும் மரபணு சிகிச்சையும் "புதிய மருந்து" கணக்கில் வருகின்றன. அந்த அம்மாவிடம் ரசீது இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டுக்கும் எழுதலாம். என்னைத் தனிச்செய்தியில் கேளுங்கள்.

ஆய்வுமேசை

சகோதரிக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை ஆய்வு நடந்தது, 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஒழுங்காக நடத்துவது என்றால் அப்படி: முன்கூட்டியே பதிவு, நெறிமுறைக் குழு, வருடக்கணக்கில் பின்தொடர்தல். ஆய்வு என்று சொல்லிவிட்டு நோயாளியிடமே லட்சக்கணக்கில் வாங்கினால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

திசுவளர்ப்பு_ஆத்தூர்

அந்த 2019 விதியில எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. இந்தியாவுல கண்டுபிடிச்ச மருந்தோட ஆய்வு விண்ணப்பத்துக்கு 30 வேலை நாள்ல பதில் சொல்லணும். சொல்லலேன்னா அனுமதி குடுத்த மாதிரி எடுத்துக்கலாம். எங்களுக்கும் அப்படி ஒரு கெடு இருந்தா போதும். 'இல்ல'ன்னு சொன்னாக்கூட பரவாயில்ல, வேற வேலை பார்க்கலாம். பி.டி. கத்தரிக்காய் கதையைப் பாருங்க. 2009 அக்டோபர்ல கமிட்டி சரின்னுச்சு, 2010 பிப்ரவரியில அமைச்சர் நிறுத்தி வெச்சார். நிறுத்தி வெச்சதுகூட இருக்கட்டும். என்ன சோதனை முடிச்சுட்டு வந்தா எந்தத் தேதியில மறுபடி பார்ப்போம்னு எழுதலையே. வங்கதேசத்துல 2014-ல நட்டுட்டாங்க. நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகமும் உழைச்ச பயிர் அது.

கொங்கணாபுரம்_கொட்டு

பதில் வரலேன்னா அனுமதியா? கோப்பு மேல டீ டம்ளர் வெச்சு மறந்துட்டா, அதுக்கு நான் பலியா? இதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்.

நிறுத்தி வெச்சதுலயும் ஒரு நல்லது இருந்துச்சு. அமைச்சர் ஏழு ஊருக்குப் போய் சனங்களை உக்காரவெச்சுக் கேட்டார். கூச்சல் இருந்துச்சுதான். ஆனா கேட்டார். தமிழ்நாட்டுல ஒரு ஊர்கூட இல்லேங்கிறது என் வருத்தம்.

விதி_வாசகன்

இருவருக்கும் நடுவில் ஒரு வழி எழுதலாம். ஆய்வகத்துக்குள் மூடி வைத்துச் செய்யும் வேலைக்குக் கெடு தாண்டினால் அனுமதி. திறந்த வயலுக்குக் கெடு தாண்டினால் அனுமதி கிடையாது. தாமதத்துக்குக் காரணத்தை எழுத்தில் தந்து இணையத்தில் போட வேண்டும், கோப்பு தானாக மேல்நிலைக்குப் போக வேண்டும். அர்ஜென்டினாவில் 2015 முதல் இன்னொரு ஏற்பாடு: வேலையைத் தொடங்கும் முன்பே "இது உங்கள் விதிக்குள் வருமா, வராதா" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளலாம். சின்ன கூடத்துக்கு இது பெரிய நிம்மதி. பணத்தைக் கொட்டிய பிறகு தெரிவதைவிட முன்னாலேயே தெரிவது.

ஆய்வுமேசை

நம் மாவட்டத்திலேயே விதி ஒழுங்காக வேலை செய்த கதை ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன்.

2020-இல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து இறங்கியது. கொஞ்ச நாளில் நாமக்கல், சேலம். குருத்து முடங்கிப்போய்ச் செடி குட்டையாக நின்றது நினைவிருக்கும். இந்தப் பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆப்பிரிக்காவை 1970களிலிருந்தே ஆட்டிவைத்தது. அங்கே அதை அடக்கியது *அனகைரஸ் லோபெசி* என்ற துளியூண்டு ஒட்டுண்ணிக் குளவி. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வள ஆய்வகம் அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இறக்குமதி அனுமதியோடு வரவழைத்து, தனிமைக்கூடத்தில் அடைத்து, நமக்கு நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளைத் தொடுகிறதா என்று பார்த்து, அதன் பிறகே வெளியே விட்டது. 2022 மார்ச்சில், ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில். பூச்சி நாட்டுக்குள் வந்து இரண்டு வருடத்துக்குள் முடிந்த வேலை.

கவனியுங்கள். குளவிக்கு இறக்கை உண்டு. விட்ட பிறகு திரும்பக் கூப்பிட முடியாது. திருத்திய குச்சியையாவது பிடுங்கி எரிக்கலாம். இருந்தும் குளவிக்கு யாரும் கொடி பிடிக்கவில்லை. எந்த முறையில் செய்தார்கள் என்பதை வைத்து விதி எழுதினால் இப்படித்தான் தலைகீழாகப் போகும். தானாகப் பரவுமா, திரும்பப் பெற முடியுமா, தின்பவர் உடம்பில் என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

கொங்கணாபுரம்_கொட்டு

நல்ல கதைம்மா. ஒண்ணை விட்டுட்டீங்க. அந்தக் குளவிக்கு முதலாளி கிடையாது. வருஷா வருஷம் பாக்கெட் போட்டு விக்க மாட்டாங்க. விட்டா அதுபாட்டுக்கு வேலை பார்க்கும். அதனாலதான் யாரும் கொடி பிடிக்கல. கிரிஸ்பர் மேல வெளிநாட்டுக் காப்புரிமை இருக்குன்னு கேள்விப்படுறேன். நாளைக்கு வாழப்பாடி மாமா மச்சானுக்குக் குச்சி குடுத்தா நோட்டீஸ் வருமா வராதா? பாதுகாப்புன்னா வயித்துக்கு மட்டும் இல்ல, மடிக்கும்தான்.

ஆய்வுமேசை

நியாயம். அனுமதிக் கோப்பில் காப்புரிமை நிலவரமும் திறந்த ஏடாக இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் செய்த ரகம் என்றால் குச்சி மாற்றிக்கொள்ளும் உரிமையை உரிம ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஆத்தூர்த் தம்பிக்கும் ஒரு எச்சரிக்கை. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கிரிஸ்பரை மரவள்ளிக்குள் நிரந்தரமாக வைத்து வைரஸையே வெட்டச் சொன்னார்கள். நோயும் அடங்கவில்லை, வெட்டுக்குத் தப்பிக்கும் வைரஸ் வகை கிளம்பியது. நீங்கள் யோசிப்பது வேறு முறைதான். ஆனாலும் ஆப்பிரிக்க வைரஸைத் தாங்கும் குணம் நம் ஊர் வைரஸைத் தாங்குமா என்பதை இங்கே வயலில் பல பருவம் பார்த்தாக வேண்டும். அதோடு, ஸ்ரீ ரக்ஷா போன்று வழக்கமான முறையில் வந்த தேமல் தாங்கும் ரகங்கள் திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கின்றன. விதிமுறைக் குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இருப்பதை விட்டுவிட்டு இது எதற்கு?

திசுவளர்ப்பு_ஆத்தூர்

கேக்கட்டும்மா, பதில் வெச்சிருக்கேன். ஆலைக்காரங்க பாயிண்ட் பார்த்துத்தான் காசு குடுக்கிறாங்க, விவசாயி பழகின ரகத்தை விட்டு வரமாட்டேங்கிறாங்க. இருந்தாலும் நல்ல ரகக் குச்சியை நோயில்லாம பெருக்கிக் குடுக்கிற வேலையை இப்பவே தொடங்கலாம்னு தோணுது. அதுக்கு எந்தக் கமிட்டியும் வேண்டாம்.

சேகோ_கணக்குப்பிள்ளை

நட்டம் வந்தால் யார் தருவார்? இதுவரை யாரும் தொடவில்லை.

விதி_வாசகன்

இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. விதை பொய்த்தால் விவசாயி நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வாங்கியவருக்கு மட்டும். பக்கத்துக் காட்டுக்காரருக்கோ, சரக்கு திரும்பி வந்த ஆலைக்கோ இதில் வழியில்லை. வெளியிடுகிறவர் முன்பணமாக ஒரு தொகை கட்டி வைக்க வேண்டும், ஆளின் அளவைப் பொறுத்து அல்ல, பரப்பளவைப் பொறுத்து என்பது என் கட்சி. சின்னக் கூடம் சின்னப் பரப்பில் தொடங்கினால் சின்னத் தொகை.

தகவல் உரிமை மனு ஒன்று தயார் செய்திருக்கிறேன். சேலம் மாவட்டத்தில் 1989 விதிகளின் கீழ் மாவட்ட அளவிலான குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, மாவட்டத்தில் எத்தனை இடங்களைப் பார்வையிட்டது, அறிக்கை நகல் தர முடியுமா. கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. பத்து ரூபாய் செலவு. யார் பெயரில் அனுப்புவது?

வாழப்பாடி_முள்ளுவாடி

என் பேர்ல போடுங்க வக்கீல் சார். கோர்ட்டுக்கு வர்ற மாதிரி இருந்தா மட்டும் அறுப்புக்கு அப்புறமா வெச்சுக்கங்க.

கொங்கணாபுரம்_கொட்டு

என் பேரையும் சேத்துக்கங்க. தோட்டக்காரர் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சேர்வராயன்_தோட்டம்

போடவில்லை. ஆனால் காலாவதித் தேதி அடுத்த மாதம். அதற்குள் மாதிரி எடுக்க யாராவது மலையேறி வருவார்களா?